ஆங்கிலத்தில் 'ஆர்க்யூ' என்றால் சண்டை போடுவதா, வாதிடுவதா?

இரண்டும்தான். பின்னால் வரும் சொல்லைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 'வித்' வந்தால் எதிரே ஆள் இருக்கிறார், அது வாக்குவாதம். 'தட்' அல்லது 'ஃபார்' வந்தால் காரணம் காட்டி வாதிடுவது. தெளிவாக்குதல், குற்றம் சாட்டுதல் இரண்டையும் குறித்த லத்தீன் வினையிலிருந்து வந்ததால் இந்த இரட்டை முகம். கோர்ட்டுக்குள் வக்கீல் பேசுவதும், வாசலில் கட்சிக்காரர்கள் மல்லுக்கு நிற்பதும் ஒரே வினைக்குள் அடங்கிவிடும்.

மாற்றுச் சொற்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'குவாரல்' வெறும் சச்சரவு. 'டிபேட்' முறைப்படி நடக்கும் விவாதம். 'டிஸ்ப்யூட்' ஒரு கூற்றையோ பில் தொகையையோ ஏற்க மறுப்பது. 'பெர்சுவேட்' என்றால் கேட்டவர் இணங்கியிருக்க வேண்டும்; 'ஆர்க்யூ' செய்தவரோ தோற்றும் போகலாம்.

ஆய்வுக் கட்டுரையில் 'தி ஆத்தர் ஆர்க்யூஸ் தட்' என்றிருந்தால் ஆசிரியர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. சான்று காட்டி ஒரு கருத்தை முன்வைக்கிறார், அவ்வளவுதான்.