ஃபார்ட்நைட்: கோட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை

காட்பாடி நண்பருக்கு வணக்கம். ‘ஃபார்ட்நைட்’ என்ற ஆங்கிலச் சொல், நம் வேலூர்க் கோட்டையைப் போன்ற கோட்டைகளில் இரவுக் காவல் மாறும் முறையிலிருந்து வந்ததா என்றும், சீட்டு நோட்டில் ‘ஃபார்ட்நைட்லி’ என அச்சிட்டுவிட்டு 1, 16 ஆகிய தேதிகளில் பணம் கேட்பது சரியா என்றும் கேட்டிருந்தீர்கள்.

கோட்டை என்பது அழகான கற்பனைதான், ஆனால் உண்மையில்லை. ‘பதினான்கு இரவுகள்’ எனப் பொருள்படும் பழைய ஆங்கிலத் தொடர் பேச்சில் தேய்ந்து தேய்ந்து ஒரே சொல்லாகிவிட்டது. ஜெர்மானியர் பகல்களை அல்ல, இரவுகளையே எண்ணினர் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், ஏறத்தாழ கி.பி. 98-இல் எழுதிய ‘ஜெர்மானியா’ என்னும் நூலில் குறித்திருக்கிறார். அவ்வழக்கத்தின் எச்சமே இச்சொல். ஏழு இரவுகளைக் குறித்த ‘செனைட்’ என்ற உடன்பிறப்பு வழக்கொழிந்துவிட்டது.

ஃபார்ட்நைட் என்பது 14 நாளா, 15 நாளா என்று நமக்குக் குழப்பம் வருவதற்குக் காரணம், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட பட்சத்தை 15 திதிகளாக எண்ணிப் பழகியதே. சொல்லின்படி பார்த்தால் 14 நாளுக்கு ஒரு தவணை, அதாவது ஆண்டுக்கு 26 தவணை. 1, 16 என்று கட்டினால் 24 மட்டுமே. ஆகவே, அச்சிட்ட சொல்லை நம்பாமல், தவணைத் தேதிகளையும் மொத்த எண்ணிக்கையையும் நோட்டிலேயே எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.