வீட்டுக் கணினியில் நெடுந்தூர விமானங்கள்: வாசகர் கேள்வி – பதில்

நெடுந்தூரப் பயணிகள் விமானங்களை வீட்டுச் சிமியுலேட்டரில் (விமானம் ஓட்டுவதைக் கணினியில் ஒத்திகை பார்க்கும் மென்பொருளில்) ஓட்டுவது தொடர்பாகத் திருகோணமலை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இம்முறை விடை தரப்படுகிறது.

கேள்வி: மைக்ரோசொப்ட் பிளைட் சிமியுலேட்டருடனேயே பெரிய விமானங்கள் சில வருகின்றன. அப்படியிருக்கப் போயிங் 777, எயார்பஸ் ஏ350 போன்றவற்றைத் தனியே பணம் கொடுத்து வாங்குவதால் என்ன பயன்? வாங்குவதானால் முதலில் எதை வாங்கலாம்?
— உப்புவெளி வாசகர்

பதில்: படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். விமானி அறையின் தோற்றத்தைப் பொறுத்தவரை இன்று விற்பனையிலுள்ள பொதிகளுள் (சிமியுலேட்டருடன் சேர்க்கும் விமான மென்பொருள்களுள்) பெரும்பாலானவை கண்ணுக்கு நிறைவானவையே. வேறுபாடு, அந்தப் பலகைகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளில் இருக்கிறது.

777ஐயே எடுத்துக்கொள்வோம். அது கம்பி வழி மின்சமிக்ஞையால் கட்டுப்படுத்தப்படும் விமானம்தான். ஆயினும் எயார்பஸைப் போல ட்ரிம் செய்யும் (கையால் அழுத்திப் பிடிக்காமலே விமானம் நிலையாகப் பறக்கும்படி சமன்செய்யும்) வேலையை முழுவதுமாகக் கணினியிடம் விட்டுவிடாமல், வேகம் மாறும்போது விமானியே புதிய வேகத்துக்கு ஏற்ப ட்ரிம் செய்ய வேண்டும் என்று போயிங் வடிவமைத்திருக்கிறது. எனவே தானியங்கியை அணைத்துவிட்டு, மட்டமாகப் பறந்தபடியே 250 நொட் வேகத்தை 210க்குக் குறைத்துப் பாருங்கள். மூக்கு தாழத் தொடங்கி, ட்ரிம் பொத்தானை அழுத்திய பிறகே கை தளர முடிந்தால், அந்தப் பொதியைச் செய்தவர்கள் விமானத்தைப் படித்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். எரிபொருளுக்கும் இதே போன்ற சோதனை உண்டு. பயணத்தின் தொடக்கத்தில் மணிக்கு எட்டுத் தொன் அளவில் எரிக்கும் 777-300இஆர், எடை குறையக் குறைய ஏழுக்கும் கீழே இறங்க வேண்டும். பத்து மணி நேரமும் எண் அசையாமல் நின்றால் அது வெறும் ஓவியம்.

இத்தகைய ஆழத்துக்குப் பெயர் பெற்றது பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் 777. பழைய எப்.எஸ்.எக்ஸ். சிமியுலேட்டருக்கு 2013இல் வெளிவந்த அவ்விமானம், இன்றைய மைக்ரோசொப்ட் சிமியுலேட்டருக்கு 300இஆர் வடிவில் 2024 ஜூனில் வந்தது. இனிபில்ட்ஸ் நிறுவனத்தின் ஏ350 2025இல் வெளிவந்தது. பிளைபைவயர் குழுவினரின் ஏ380 இலவசமாகவே கிடைக்கிறது. மற்றொரு சிமியுலேட்டரான எக்ஸ்-பிளேன் வைத்திருப்போர்க்கு டொலிஸ் நிறுவனத்தின் ஏ340-600 இருக்கிறது. நான்கு இயந்திர எயார்பஸில் நாட்டமுள்ளோர் அதைத் தவறவிட வேண்டியதில்லை.

என் பரிந்துரை இதுதான்: முதலில் இலவச ஏ380இல் ஒரு முழுப் பயணத்தைத் திட்டமிட்டு முடித்துப் பாருங்கள். அந்த வேலையில் உங்களுக்குச் சுவை தட்டினால் 777ஐ வாங்குங்கள். கட்டுநாயக்கவுக்கு எமிரேட்ஸ் நிறுவனத்தின் 777கள் வந்து போவதால் மெய்யான கால அட்டவணையை அப்படியே பின்பற்ற முடியும் என்பது கூடுதல் வசதி. ஸ்ரீலங்கன் நிறத்தில்தான் பறப்பேன் என்றால் அதற்கு ஏ330 வேண்டும். மைக்ரோசொப்டின் 2024 சிமியுலேட்டருக்கு இனிபில்ட்ஸ் உருவாக்கிய ஏ330 உண்டு. இரண்டு விமானங்களை ஒரே மாதத்தில் வாங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். விலை டொலரில் இருப்பது அதற்கு ஒரு காரணம், இரண்டில் ஒன்றையும் ஒழுங்காகக் கற்க மாட்டீர்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

கேள்வி: கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் பதினொரு மணி நேரம் ஆகிறது. ஏறுவதும் இறங்குவதும் தவிர மற்ற நேரமெல்லாம் தானியங்கிதானே ஓட்டுகிறது? அவ்வளவு நேரம் கணினியின் முன் இருந்து செய்வதற்கு என்ன இருக்கிறது?
— கிண்ணியா வாசகர்

பதில்: ஓட்டுவது தானியங்கி, தீர்மானிப்பது நீங்கள். நெடுந்தூரப் பறப்பின் சாரமே நீங்கள் கழித்துவிட நினைக்கும் அந்த நடுப்பகுதியில்தான் உள்ளது.

கொழும்பு – இலண்டன் நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். அதற்கான எரிபொருளுடன் நிறைந்த பயணிகளையும் ஏற்றிய 777, புறப்பட்ட கையோடு 38,000 அடிக்கு ஏற இயலாத அளவுக்குப் பாரமாக இருக்கும். மேற்கு நோக்கிய பறப்புகளுக்குப் பொதுவாக இரட்டைப்படை மட்டங்கள் என்பதால் 32,000 அல்லது 34,000 அடியில் தொடங்கி, எரிபொருள் எரிந்து எடை குறைந்த பின் 36,000க்கும், பிறகு 38,000க்கும் படிப்படியாக ஏறுவீர்கள். எப்போது ஏறுவது என்பதை விமானத்தின் பறப்பு மேலாண்மைக் கணினியான எப்.எம்.சி. கணித்துச் சொல்லும், ஆனால் உயரே எதிர்க்காற்று வலுவாக இருந்தால் ஏறாமல் இருப்பதே இலாபம் என்று முடிவெடுக்க வேண்டியவர் விமானி. அதனால் சிம்பிரீவ் போன்ற இலவசத் திட்டமிடல் சேவையில் பெற்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழிப்புள்ளியிலும் திட்டமிட்ட எரிபொருளையும் மிஞ்சியிருப்பதையும் ஒப்பிட்டு எழுதி வாருங்கள். மூன்றாவது மணியில் ஒன்றரைத் தொன் குறைவாக இருப்பதைக் கண்டுபிடித்து, காரணம் காற்றா கசிவா என்று ஆராய்வதில் உள்ள விறுவிறுப்பு இறங்குதலில்கூட இல்லை என்பேன்.

குளிரையும் கவனியுங்கள். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை −47 பாகை செல்சியஸ். மணிக்கணக்காகக் குளிர்காற்றில் பறக்கும்போது இறக்கைத் தாங்கியில் உள்ள எரிபொருளும் குளிர்ந்துகொண்டே வரும். எல்லையை நெருங்கினால் வேகத்தைக் கூட்டவோ உயரத்தைக் குறைக்கவோ வேண்டும். இதைக் காட்டாத பொதி நெடுந்தூர விமானமாகாது.

கடல் கடக்கும் அனுபவம் வேண்டுமானால் இலண்டனுக்குப் பதிலாகக் கொழும்பிலிருந்து மெல்பேர்ணுக்குப் புறப்படுங்கள். இரு இயந்திர விமானத்தில் ஓர் இயந்திரம் செயலிழந்தால் குறித்த நேரத்துக்குள் சேரக்கூடிய விமான நிலையங்களை வைத்தே அதன் பாதை வரையப்படுகிறது. 777 சேவைக்கு வந்த 1995ஆம் ஆண்டிலேயே அதற்கு 180 நிமிட அனுமதி கிடைத்தது. இந்து சமுத்திரத்தின் நடுவில் கொக்கோஸ் தீவைத் தவிர வேறு தரை அருகில் இல்லாத ஓரிடத்தில் ஓர் இயந்திரத்தை நீங்களே நிறுத்திப் பாருங்கள். அதுவரை உயிரற்ற எண்களாகத் தோன்றியவை எல்லாம் பொருள் பெறும்.

இத்தனைக்கும் பிறகு பதினொரு மணி நேரமும் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல பொதிகளில் நேரத்தை முடுக்கும் வசதியும், இறக்கம் தொடங்கும் புள்ளிக்கு வந்ததும் தானாக நிறுத்தி வைக்கும் வசதியும் இருக்கின்றன. வற்சிம் போன்ற இணைய வான்கட்டுப்பாட்டு வலையமைப்பில் பறப்பவர்கள் மட்டும் அவற்றை நம்பக் கூடாது. விமானத்தைக் கவனிப்பாரற்று நெடுநேரம் விட்டுவைக்க அங்கு இடமில்லை. மின்தடைக்குக் கணினியுடன் ஒரு யூ.பி.எஸ். இருப்பது நல்லது, ஒன்பதாவது மணியில் மின்சாரம் போனவரிடம் மேற்கொண்டு விளக்கம் கேட்க வேண்டியிராது.

கேள்வி: எங்கள் சீனக்குடா ஓடுபாதையில் 777ஐ இறக்க முடியுமா? நண்பர்களிடையே பெரிய வாக்குவாதமாகிவிட்டது.
— சீனக்குடா வாசகர்

பதில்: சிமியுலேட்டரில் முடியும். சீனக்குடா ஓடுபாதை 2,400 மீற்றரை அண்மித்த நீளமுடையது. எரிபொருளை எரித்து இலேசாகி வரும் 777-300இஆர் உலர்ந்த பாதையில் அதற்குள் நின்றுவிடும். சிக்கல் திரும்பிப் புறப்படும்போதுதான் தொடங்கும். 351 தொன்னைத் தாண்டும் உச்ச எடையில் புறப்பட, கடல் மட்டத்திலும்கூட 3,000 மீற்றருக்கு மேல் வேண்டும். நமது வெயில் அதை இன்னும் கூட்டும். ஆகவே கட்டுநாயக்கவின் 3,350 மீற்றர் ஓடுபாதை வரை செல்லப் போதுமான எரிபொருளை மட்டும் நிரப்பிப் புறப்படுவதே வழி. மெய்வாழ்வில் ஓடுபாதையின் தாங்குதிறன், 65 மீற்றர் அளவுள்ள இறக்கைகளுக்கான இடவசதி, விமானப்படைத் தளம் என்பதால் தேவைப்படும் அனுமதி ஆகியன எல்லாம் வரும். வாக்குவாதத்தில் இரு தரப்புக்கும் பாதி வெற்றி.

கேள்வி: மகன் உயர்தரம் படிக்கிறான், விமானியாக வேண்டும் என்கிறான். இந்தப் பறப்பு மணிகள் பின்னர் கணக்கில் சேருமா?
— தம்பலகாமம் வாசகி

பதில்: சேரா. வீட்டுக் கணினியில் பறந்த மணிகளை உரிமத்துக்கான பறப்பு மணிகளாக எழுத முடியாது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிச் சாதனங்கள் வேறு வகை. எனினும் கருவிகளைப் படிக்கவும், ஒழுங்குமுறைப் பட்டியலைப் பின்பற்றவும் பழகியிருப்பது வீண்போகாது. இப்போதைக்கு அவனுக்குப் பௌதிகவியலும் ஆங்கிலமுமே அதிகம் உதவும், அம்மா.

கேள்வி: எங்கள் வீட்டில் மொபைல் இணைப்பு ரவுட்டர்தான் உண்டு. இந்தப் பெரிய விமானங்களுக்கு அது தாங்குமா?
— நிலாவெளி வாசகர்

பதில்: விமானத்தைவிட நிலக்காட்சிதான் தரவை விழுங்குகிறது. மைக்ரோசொப்டின் 2024 பதிப்பு, தரைக்காட்சிகளை இணையத்திலிருந்து பறப்பின்போதே பெறுகிறது. அதற்குக் குறைந்தது விநாடிக்கு 10 மெகாபிட் வேகமும், நல்ல நிலைக்கு 50 மெகாபிட்டும் கேட்கிறது. நினைவகம் 16 ஜிகாபைட்டுக்குக் குறையக் கூடாது. நெடுந்தூர விமானத்துக்கு 32 என்று கொள்வது நலம். அளவிடப்பட்ட தரவுப் பொதியுடன் காலந்தள்ளுபவருக்கு, நிலக்காட்சியை ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால் இணையமின்றியே ஓடும் எக்ஸ்-பிளேன் 12 பொருத்தமானது. அதன் நிலக்காட்சி சற்று வறண்டது என்பது உண்மை. 36,000 அடியில், இரவில், கடலுக்கு மேல் அதனால் நீங்கள் இழப்பது மிகக் குறைவு. வழிகாட்டல் தரவுகள் 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன என்றாலும், தனியே பறப்பவர் ஒவ்வொரு முறையும் சந்தா கட்ட வேண்டியதில்லை. பொதியுடன் வந்த பழைய தரவே பல மாதங்களுக்குப் போதும்.