அவுட்லுக் மேக்ரோ, ஆட்-இன்: மலைமேல் இருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கோத்தகிரியில் இருந்துகொண்டு தேயிலை ஃபேக்டரி, ஹோம்ஸ்டே, பள்ளி அலுவலகம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் அவுட்லுக்கில் மேக்ரோவும் ஆட்-இன்னும் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. மேக்ரோ என்பது மெயில் நிரலான அவுட்லுக்குக்குள்ளேயே எழுதும் சின்ன நிரல், ஆட்-இன் என்பது வெளியே எழுதி அதில் சேர்க்கும் நிரல். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கிளாசிக் அவுட்லுக்கா (கணினியில் நிறுவும் பழையது), புதிய அவுட்லுக்கா என்பதைக் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். அது இல்லாமல் பதில் சொல்ல வழியில்லை.

குன்னூர், தேயிலை ஃபேக்டரி அலுவலகம்: சார், ஏலத்துக்குப் போகும் லாட் பட்டியலை புரோக்கருக்கு மெயில் செய்கிறோம். ‘இணைத்துள்ளேன்’ என்று எழுதிவிட்டு எக்செல் ஃபைலை வைக்காமலே அனுப்பிவிடுகிறோம். இதற்கு ஆட்-இன் எழுத எவ்வளவு ஆகும்? கிளாசிக் அவுட்லுக்தான்.

காசே ஆகாது, இதற்கு ஆட்-இன் தேவையில்லை. ஆல்ட், எஃப்11 இரண்டையும் சேர்த்து அழுத்தினால், மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவின் எடிட்டர் திறக்கும். அதில் ‘திஸ்அவுட்லுக்செஷன்’ என்ற இடத்தில் ‘ஐட்டம்சென்ட்’ நிகழ்வை எழுத வேண்டும். சென்ட் பொத்தானை அழுத்தியதும் மெயில் வெளியே போகும் முன் அவுட்லுக் இதைக் கூப்பிடும். ‘கேன்சல்’ என்ற மதிப்பை ‘ட்ரூ’ ஆக்கினால் மெயில் அப்படியே நின்றுவிடும். பத்துப் பதினைந்து வரி போதும்.

எழுதுவது சுலபம், ஆனால் இரண்டு இடத்தில் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, இணைப்புகளின் எண்ணிக்கை பூஜ்யமா என்று மட்டும் பார்ப்பது. உங்கள் கையெழுத்துக்குக் கீழே ஃபேக்டரி லோகோ இருக்கிறது அல்லவா, அதுவும் ‘இமேஜ்001’ என்ற பெயரில் ஓர் இணைப்பாகத்தான் கணக்காகும். எண்ணிக்கை ஒன்று என்று வரும், மேக்ரோ ‘எல்லாம் சரி’ என்று விட்டுவிடும். அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஃபைல் பெயர் எக்செல் அல்லது பிடிஎஃப் முடிவோடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டாவது, ரிப்ளை போடும்போது கீழே பழைய மெயில் முழுவதும் ஒட்டிக்கொண்டு வரும். அதில் எங்கோ ‘இணைத்துள்ளேன்’ இருந்தால் நீங்கள் ‘நன்றி’ என்று ஒரு வரி அனுப்பினாலும் மேக்ரோ மறிக்கும். ‘ஃப்ரம்’ என்று தொடங்கும் முதல் வரிக்கு மேலே உள்ளதை மட்டும் தேடச் சொல்லுங்கள்.

மேக்ரோ ஓடவில்லை என்றதும் செக்யூரிட்டியில் போய் ‘எல்லா மேக்ரோவையும் அனுமதி’ என்று திறந்து விடாதீர்கள். ஆபீஸோடு வரும் ‘செல்ஃப்செர்ட்’ நிரலில் உங்களுக்கென ஒரு சான்றிதழ் செய்து, மேக்ரோவில் கையொப்பமிட்டு, கையொப்பம் உள்ளவற்றை மட்டும் அனுமதியுங்கள். 2000 மே மாதத்தில் ‘ஐ லவ் யூ’ வைரஸ் அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னைத்தானே அனுப்பி உலகைச் சுற்றியது. அன்றிலிருந்து போட்ட பூட்டுகளை நீங்களே கழற்றிக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஒன்று. நீங்கள் எழுதும் மேக்ரோ முழுவதும் ‘விபிஏபிராஜெக்ட்.ஓடிஎம்’ என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. கணினி போனால் அதுவும் போய்விடும். அதை பென்டிரைவில் காப்பி எடுத்து வையுங்கள்.

ஊட்டி, பள்ளி அலுவலகம்: பெற்றோருக்குத் தமிழில் மெயில் அனுப்ப மேக்ரோ எழுதினேன். எடிட்டரில் தமிழை ஒட்டினால் எல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடுகிறது. விண்டோஸில் மொழியைத் தமிழுக்கு மாற்றியும் சரியாகவில்லை.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் முறைதான் யூனிகோடு. விபிஏ எடிட்டர் அதற்கு முந்திய காலத்துச் சரக்கு. விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியல்களில் ஒன்றை வைத்துக்கொண்டுதான் அது எழுத்தைக் காட்டும். ரஷ்யனுக்கும் அரபிக்கும் அப்படிப் பழைய பட்டியல் உண்டு. விண்டோஸ் அமைப்பை மாற்றினால் அவர்களுக்கு வேலை நடந்துவிடும். தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு பட்டியல் கொடுக்கப்படவே இல்லை. தமிழ் நேராக யூனிகோடாகத்தான் விண்டோஸுக்குள் வந்தது. அதனால் மொழியைத் தமிழுக்கு மாற்றினாலும் எடிட்டரில் தமிழ் வராது, இன்னொரு நாளை அதில் வீணாக்காதீர்கள்.

ஆனால் மெயிலின் உடல் பகுதி யூனிகோடை ஏற்கும். ‘சிஹெச்ஆர்டபிள்யூ’ என்ற செயற்கூற்றுக்கு எண் கொடுத்தால் எழுத்து கிடைக்கும். 2949 கொடுத்தால் ‘அ’. ‘வணக்கம்’ வேண்டுமென்றால் 2997, 2979, 2965, 3021, 2965, 2990, 3021. இரண்டு முறை வரும் 3021 புள்ளி. ஒரு சொல்லுக்கு இது போதும், ஒரு கடிதத்துக்கு யாரும் இப்படி உட்கார்ந்து எழுத மாட்டார்கள். கடிதத்தை நோட்பேடில் அடித்து யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். மேக்ரோவில் ‘ஏடிஓடிபி ஸ்ட்ரீம்’ வழியாக, எழுத்து வகை யுடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுப் படியுங்கள். சாதாரண ‘ஓப்பன்’ கட்டளையில் படித்தால் மறுபடி குப்பைதான் வரும். இதைவிட எளிதான வழி, கடிதத்தை அவுட்லுக்கிலேயே தமிழில் எழுதி ‘ஓஎஃப்டி’ வார்ப்புருவாகச் சேமித்துவிட்டு, மேக்ரோவில் அதைத் திறந்து முகவரியை மட்டும் மாற்றுவது. நான் பள்ளிகளுக்கு இப்படித்தான் செய்து கொடுக்கிறேன். கடிதத்தைத் திருத்த அலுவலக அம்மா என்னைக் கூப்பிட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை: ‘மெசேஜ்பாக்ஸில்’ தமிழைக் காட்டிப் பார்த்துவிட்டு, கேள்விக்குறி வந்ததே என்று பயப்படாதீர்கள். அந்தப் பெட்டிக்கும் யூனிகோடு தெரியாது. மெயிலில் சரியாகத்தான் போயிருக்கும்.

கூடலூர்: ஃபோல்டரில் உள்ள மெயில்களை நகர்த்த மேக்ரோ எழுதினேன். ஒவ்வொரு முறையும் பாதிதான் நகர்கிறது.

முதல் மெயிலை நகர்த்தியதும் இரண்டாவது முதலிடத்துக்கு வந்துவிடும், நீங்கள் இரண்டாம் இடத்தைப் பார்க்கப் போய்விடுவீர்கள். கடைசி எண்ணிலிருந்து ஒன்று வரை பின்னோக்கி ஓட்டுங்கள். ஓடிஎம் காப்பி எடுத்தீர்களா?

ஊட்டி, ஹோம்ஸ்டே நடத்துபவர்: காலண்டரில்தான் புக்கிங் வைத்திருக்கிறேன். வாராவாரம் வரும் லாண்டரி, கேஸ் போன்றவையும் அதிலேயே உண்டு. இந்த வாரப் பட்டியல் எடுக்க மேக்ரோ போட்டால் அவுட்லுக் உறைந்து நின்றுவிடுகிறது.

லாண்டரிக்கு முடிவுத் தேதி போடவில்லை, சரிதானே? திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகளையும் சேர்க்கச் சொன்னால், முடிவில்லாத நிகழ்வை அவுட்லுக் முடிவில்லாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். எண்ணிக்கையைக் கேட்டுப் பாருங்கள், 2147483647 என்று சொல்லும்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் ‘ஸ்டார்ட்’ என்ற புலத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். பிறகு ‘இன்க்ளூட்ரெக்கரன்சஸ்’ மதிப்பை ‘ட்ரூ’ ஆக்குங்கள். அதற்கும் பிறகு ‘ரெஸ்ட்ரிக்ட்’ மூலம் இந்த வாரத்துக்குள் வெட்டுங்கள். இந்த வரிசை மாறினால் விடையும் தப்பாகும். தேதியைக் கையால் எழுதாமல் ‘ஃபார்மாட்’ செயற்கூற்றில் ஐந்து ‘டி’ போட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் ஜூலை 5 எங்காவது ஒரு கணினியில் மே 7 ஆகிவிடும். சீசன் நேரத்தில் அது நடந்தால் ஒரே அறைக்கு இரண்டு குடும்பம் வந்து நிற்கும்.

குன்னூர், கல்லூரி மாணவர்: அண்ணா, சி ஷார்ப்பில் ஆட்-இன் எழுதுகிறேன். புதிய மெயில் திறக்கும்போது என் குறிநிரல் ஓடுகிறது. சிறிது நேரம் கழித்து ஓடாமல் நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியும் வருவதில்லை.

தம்பி, மெயில் சன்னல்கள் திறப்பதைச் சொல்லும் ‘இன்ஸ்பெக்டர்ஸ்’ பொருளை ஸ்டார்ட்அப் செயற்கூற்றுக்குள்ளேயே மாறியாக வைத்திருப்பாய். செயற்கூறு முடிந்ததும் அதைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. பயன்படாத நினைவகத்தைச் சுத்தம் செய்யும் டாட்நெட் குப்பை வண்டி எப்போது வருகிறதோ அப்போது அள்ளிக்கொண்டு போய்விடும், நிகழ்வும் அதோடு போகும். அந்த மாறியை வகுப்பு மட்டத்துக்கு நகர்த்து. அப்படியே ‘அப்ளிகேஷன்.இன்ஸ்பெக்டர்ஸ்.நியூஇன்ஸ்பெக்டர்’ என்று இரண்டு புள்ளி வைத்து ஒரே மூச்சில் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடு.

படிப்பதற்காக எழுதுகிறாய் என்றால் சரி. வேலைக்காக என்றால் கீழே நடக்கும் சண்டையைப் படித்துவிட்டு முடிவு செய்.

கோத்தகிரி: புதிய அவுட்லுக்குக்கு மாறினேன், மேக்ரோக்கள் எல்லாம் காணோம்.

காணாமல் போகவில்லை, புதிய அவுட்லுக்கில் விபிஏ கிடையாது. கணினியில் நிறுவும் பழைய வகையான காம் ஆட்-இன்னும் கிடையாது, வெப் ஆட்-இன் மட்டும்தான். மேலே வலது மூலையில் உள்ள சுவிட்சை அணைத்தால் கிளாசிக் திரும்பி வரும். கிளாசிக்குக்குக் குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

தேவாலா: அப்படியென்றால் வெப் ஆட்-இன் எழுதச் சொல்கிறீர்களா? எங்கள் ஊரில் ஜூன், ஜூலையில் மரம் விழுந்தால் கேபிள் அறுந்துவிடும். நெட் இல்லாமல் அது எப்படி ஓடும்?

ஊட்டி, ஐடி பொறுப்பாளர்: நெட் இல்லாவிட்டால் மெயிலே போகாது, ஆட்-இன் ஓடி என்ன ஆகப்போகிறது? கிளாசிக்கைக் கட்டிக்கொண்டு அழுவது வீண்.

தேவாலா: மெயில் அவுட்பாக்ஸில் காத்திருக்கும், நெட் வந்ததும் போகும். தப்பான ஆளுக்குப் போகிறதா என்று சென்ட் அழுத்தும்போதே பார்க்க வேண்டாமா?

தேவாலாக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. வெப் ஆட்-இன் என்பது எங்கோ ஒரு ஹெச்டிடிபிஎஸ் சர்வரில் இருக்கும் பக்கம். அந்தப் பக்கம் வராவிட்டால் ஆட்-இன்னும் வராது. அனுப்பும்போது மறிக்கும் ‘ஸ்மார்ட் அலர்ட்ஸ்’ வசதியில் ‘பிளாக்’ என்று வைத்தால், ஆட்-இன் கிடைக்காத நேரத்தில் மெயிலும் போகாது. ‘பிராம்ப்ட்’ என்று வைத்தால் சோதிக்காமலே போகும். எதை வைப்பது என்பதை நிரலாளர் தானாக முடிவு செய்யக்கூடாது, முதலாளியிடம் கேட்க வேண்டும்.

ஊட்டிக்காரர் சொல்வதிலும் பாதி சரி. இன்று புதிதாக ஒரு காம் ஆட்-இன் எழுதித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுகிறேன். சி ஷார்ப்பில் அதை எழுதும் ‘விஎஸ்டிஓ’ பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க்கோடு நின்றுவிட்டது, புதிய டாட்நெட்டுக்கு வராது. வெப் ஆட்-இன் ஒரு முறை எழுதினால் கிளாசிக், புதியது, மேக், பிரவுசர் எல்லாவற்றிலும் ஓட வைக்கலாம். பத்து மேசை உள்ள அலுவலகத்தில் ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து ஓடிஎம் ஃபைல் ஒட்டுவது கொடுமை.

என் கணக்கு இது: ஒரே மேசை, அடிக்கடி நெட் போகும் ஊர் என்றால் கிளாசிக்கும் சின்ன மேக்ரோவும் போதும். பல மேசை, ஓரளவு நிலையான நெட் என்றால் வெப் ஆட்-இன். எதுவானாலும் ‘யாருக்கு எதை அனுப்பக்கூடாது’ என்ற பட்டியலைக் குறிநிரலுக்குள் புதைக்காமல் தனி ஃபைலில் வையுங்கள். நாளை மேக்ரோவை விட்டு வேறொன்றுக்கு மாறும்போது பட்டியலாவது மிஞ்சும்.

ஊட்டி, ஐடி பொறுப்பாளர்: 2029 வந்ததும் என்ன செய்வார்?

2029இல் தேவாலாவுக்கு ஒழுங்காக நெட் வந்திருந்தால் மாறிக்கொள்வார். இந்தச் சண்டை இதோடு போதும்.

குன்னூர்: எங்கள் ஆட்-இன் சில நாளைக்கு ஒரு முறை தானாக அணைந்துவிடுகிறது. கிளாசிக்.

தொடங்க எடுக்கும் நேரம் ஐந்து முறையின் நடு மதிப்பில் 1 நொடியைத் தாண்டினால் அவுட்லுக் அணைத்துவிடும். ஸ்டார்ட்அப்பில் டேட்டாபேஸோடு இணைப்பு எடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை முதல் பொத்தான் அழுத்தும் வரை தள்ளிப்போடுங்கள். ரெஜிஸ்ட்ரியில் ‘லோட்பிஹேவியர்’ 3லிருந்து 2 ஆகியிருந்தால் வேகம் காரணமில்லை, தொடங்கும்போதே பிழை வெடிக்கிறது.

கூடலூர்: புதிய அவுட்லுக்கில் என் மேக்ரோ வேலை செய்யவில்லை.

கோத்தகிரிக்குச் சொன்ன பதில்.

மஞ்சூர்: நியூ அவுட்லுக்கில் ஆல்ட் எஃப்11 அழுத்தினால் ஒன்றும் வரவில்லையே?

வராது. அதே பதில்.

கோத்தகிரி: அவுட்லுக் இல்லை, தண்டர்பேர்ட் என்ற வேறு மெயில் நிரல். அதில் பழைய எக்ஸ்டென்ஷன் வேலை செய்யவில்லை.

2020இல் வந்த 78ஆம் பதிப்போடு பழைய வகை எக்ஸ்டென்ஷன்கள் செத்துவிட்டன. அதை மறுபடி எழுதத்தான் வேண்டும். நான் தண்டர்பேர்டில் வேலை செய்வதில்லை, அதை எழுதியவரையே கேளுங்கள்.

ஊட்டி: மெயில்களைச் சேமித்து வைக்கும் பிஎஸ்டி ஃபைலை ஆபீஸ் சர்வரில் வைத்து எல்லோரும் திறந்தால் வேகமாக இருக்குமா?

வைக்காதீர்கள். நெட்வொர்க்கில் வைத்த பிஎஸ்டி கெட்டுப்போகும். கெட்டதைச் சரிசெய்வது என் வேலை இல்லை.

மஞ்சூர்: புரோக்கரிடமிருந்து வரும் மெயில் மட்டும் சிவப்பாகத் தெரிய மேக்ரோ எழுதித் தருவீர்களா? ஓடிஎம் காப்பி எடுத்துவிட்டேன்.

எடுத்தது நல்லது, ஆனால் இதற்கு மேக்ரோவே வேண்டாம். கிளாசிக்கில் வியூ, வியூ செட்டிங்ஸ், கண்டிஷனல் ஃபார்மாட்டிங். ‘ஆட்’ அழுத்தி, அனுப்புநர் முகவரியைக் கொடுத்து, ஃபான்ட் நிறத்தைச் சிவப்பாக்குங்கள்.