மார்க்கெட்டிங் டேட்டா தளத்தோடு ஏஐ உதவியாளரை இணைத்துவிட்டால் அனலிஸ்ட் தேவையில்லையா?

கேள்வி: "கூகுள், மெட்டா விளம்பரக் கணக்குகள், ஜிஏ4 (இணையதளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் கூகுள் கருவி), ஷாப்பிஃபை (ஆன்லைன் கடைத் தளம்) எல்லாவற்றையும் ஒரே மார்க்கெட்டிங் டேட்டா தளத்தில் சேர்த்து வைத்திருக்கிறோம். அதோடு ஓர் ஏஐ உதவியாளரை இணைத்துவிட்டால் வாராந்தர ரிப்போர்ட்டை அதுவே போட்டுவிடும், அனலிஸ்ட் வேண்டாம் என்கிறார் மேலாளர். உண்மையா?"

இணைக்கலாம். பத்து நிமிட வேலை. அனலிஸ்ட் வேண்டாம் என்பது மட்டும் உண்மையில்லை. 2025 தீபாவளிக்கு முன்னால் அந்தப் பத்து நிமிட வேலையைச் செய்தவன் நான். அதற்கு விலை கொடுத்தது வேறொருவர். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. மேலாளர் எங்கோ ஒரு டெமோ பார்த்திருப்பார். "போன வாரம் எந்தக் கேம்பெய்ன் நன்றாகப் போனது?" என்று ஒருவர் தட்டச்சு செய்ய, அட்டவணையோடு பதில் வந்திருக்கும். அன்று மாலையே உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கும். டெமோவில் காட்டியது பொய்யில்லை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம், ஏஐயை வெளிக் கருவிகளோடும் தரவோடும் இணைக்கும் எம்சிபி என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது. அடுத்த வருடமே ஓபன்ஏஐ, கூகுள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நிரல் எழுத வேண்டியிருந்தது. இப்போது டேட்டா தளம் தரும் முகவரியை உதவியாளரின் செட்டிங்ஸில் போட்டு, லாகின் செய்து, அனுமதி கொடுத்தால் முடிந்தது. கேள்வியைப் பார்த்து எந்த ஃபீல்டை (தரவு அட்டவணையின் எந்தப் பத்தியை) எடுப்பது, எந்தத் தேதிக்கு எடுப்பது என்று உதவியாளரே தீர்மானித்து, தளத்திடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சிக்கல் அந்த "தீர்மானித்து" என்ற சொல்லில்தான் இருக்கிறது.

பெங்களூரு அல்சூரில் மூன்று பேர் கொண்ட சின்ன விளம்பர ஏஜென்சி நடத்துகிறேன். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். காமாட்சிபாளையத்தில் சமையற்கூடம் வைத்து செக்கு எண்ணெய், பலகாரம் எல்லாம் ஆன்லைனில் விற்கிறார். தீபாவளிக்கு பலகாரப் பெட்டி போட்டிருந்தார். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, தேன்குழல். பெட்டி 1,100 ரூபாய். அந்த அக்டோபர் 6, திங்கட்கிழமை, முதல்முறையாக ஏஐ எடுத்த ரிப்போர்ட்டை அவருக்கு அனுப்பினேன். முதல் வரியே ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு 250 ரூபாய் என்றது. அதற்கு முந்தைய வாரம் அது 740.

எங்களிடம் வேலை செய்யும் பெண் ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி வழியாக வந்து போகிறவள். ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே, "அண்ணா, போன வாரம் 740ன்னு இருந்துச்சே, எப்படி 250 ஆச்சு?" என்று கேட்டாள். "சீசன்மா" என்றேன். அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. இருபத்து மூன்று வயதுப் பெண் சரியான கேள்வியைக் கேட்டாள். பதினொரு வருட அனுபவம் உள்ள நான் அவளை ஒரு வார்த்தையில் அடக்கிவிட்டேன்.

வாடிக்கையாளர் அன்று மதியமே பட்ஜெட்டை நாளுக்கு 44,000 ரூபாயிலிருந்து 88,000 ஆக்கச் சொன்னார். 250 ரூபாய்க்கு 1,100 ரூபாய் ஆர்டர் வருகிறது என்றால் யார்தான் ஏற்ற மாட்டார்கள்? ஆர்டர் இரட்டிப்பாகும் என்று நம்பி, மாவும் நெய்யும் கூடுதலாக இறக்கி, சமையற்கூடத்தில் ராத்திரி ஷிஃப்டும் போட்டார்.

வியாழக்கிழமை படம் எடுக்கச் சமையற்கூடத்துக்குப் போன அந்தப் பெண், பேக்கிங் செய்யும் அக்காவிடம் முந்தைய வாரத்துக் கூரியர் சீட்டுகளை வாங்கி உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். வெள்ளி காலையில் என்னிடம் வந்தாள். "அண்ணா, கூரியர்க்காரர் ஒரு நாளைக்கு 75 பெட்டிதான் எடுத்துட்டுப் போயிருக்கார். நம்ம ரிப்போர்ட்ல ஒரு நாளைக்கு 176 வருது." எண்ணிக்கை ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அதை வாடிக்கையாளரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

நடந்தது இதுதான். மெட்டாவின் விளம்பரத் தரவில் ஒரே விற்பனை பல பெயர்களில் வரும். பர்சேஸ் என்று ஒன்று, ஆம்னி பர்சேஸ் என்று ஒன்று, பிக்சல் (கடையின் தளத்தில் வைக்கும் மெட்டாவின் கண்காணிப்பு நிரல்) வழியாகப் பதிவானது என்று இன்னொன்று. மூன்றும் ஒரே ஆர்டரை மூன்று கோணத்தில் சொல்பவை, கூட்டக் கூடாதவை. "மொத்தம் எத்தனை பர்சேஸ்?" என்று நான் கேட்டேன். உதவியாளர் பர்சேஸ் என்ற சொல் இருந்த மூன்று ஃபீல்டையும் கூட்டிவிட்டது. 412 ஆர்டர் 1,236 ஆனது. 3,09,000 ரூபாய்ச் செலவை 1,236ஆல் வகுத்தால் 250. 412ஆல் வகுத்தால் 750. அது எந்த எண்ணையும் கற்பனை செய்யவில்லை. எடுத்த ஒவ்வொரு எண்ணும் சரி, கூட்டியதுதான் தவறு. "ஏஐ புளுகும், அதனால் சரிபார்" என்று மட்டும் தெரிந்தவர்களுக்கு இது பிடிபடாது. நான் அப்படித்தான் மூலத் தரவோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். மூன்று எண்ணும் அங்கே அப்படியே இருந்தன.

இதற்கு முன்னால் சோதனைக்காக கூகுள் ஆட்ஸை நேரடியாக இணைத்துப் பார்த்தபோது 4,500 ரூபாய்ச் செலவு 450 கோடி என்று வந்தது. கூகுள் ஆட்ஸ் ஏபிஐ (மென்பொருள்கள் தரவு கேட்டு வாங்கும் வழி) செலவை மைக்ரோவில் தரும், அதாவது ஒரு ரூபாய் பத்து லட்சமாக வரும். அதை உடனே திருத்திவிட்டோம், ஏனென்றால் 450 கோடியை யாரும் நம்ப மாட்டார்கள். 250 ரூபாயை எல்லோரும் நம்புவார்கள்.

"செமாண்டிக் லேயர் (எந்தச் சொல்லுக்கு எந்தத் தரவு என்று வரையறுக்கும் அடுக்கு) வைத்திருந்தால் இது வந்திருக்காது, உங்கள் செட்டப் தப்பு" என்று யாராவது வந்து சொல்வார்கள். ஆமாம், தப்புதான். ஆனால் அந்த லேயரில் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல, தரவைக் கையால் தொட்டுப் பார்த்த ஒருவர் வேண்டுமே. அவரைத்தான் உங்கள் மேலாளர் வேண்டாம் என்கிறார். நான் ஏஐக்கு எதிரானவனும் இல்லை. இன்றும் அதே உதவியாளரைத்தான் பயன்படுத்துகிறோம். அந்த வாரமே ஓசூர்ப் பெண் இரண்டு பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினாள். விற்பனை என்றால் எந்த ஃபீல்டு மட்டும், செலவில் ஜிஎஸ்டி சேருமா, ரீச்சை (விளம்பரம் எத்தனை பேரை எட்டியது என்பதை) நாள்வாரியாகக் கூட்டக் கூடாது, ஜிஏ4 எண்கள் முழுதாக வர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம் என்பதால் திங்கள் காலையில் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்கக் கூடாது, இப்படி. ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் உதவியாளர் அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்குகிறது. இப்போது நன்றாகவே பதில் சொல்கிறது.

அந்த இரண்டு பக்கத்தில் பாதி எந்தக் கருவியும் தானாகக் கண்டுபிடிக்க முடியாத விஷயங்கள். இந்த வாடிக்கையாளரின் ஒரு விளம்பரக் கணக்கு கலிஃபோர்னியா நேரத்தில் திறக்கப்பட்டது. அக்டோபரில் அதன் நாள் நமக்கு மதியம் 12.30க்குத்தான் பிறக்கும். நம் காலை ஆர்டர்கள் முந்தைய நாள் கணக்கில் போய் விழும். மெட்டா இயல்பாக, கிளிக் செய்து 7 நாளுக்குள், பார்த்து 1 நாளுக்குள் வாங்கினால் தன்னுடையது என்று எண்ணும். கூகுள் ஆட்ஸ் இயல்பாகக் கிளிக்குக்குப் பின் 30 நாள் வரை எண்ணும். அந்த வாரம் மெட்டா 412 தன்னுடையது என்றது, கூகுள் 190 தன்னுடையது என்றது. கடையில் நடந்த மொத்த ஆர்டரே 530. அதிலும் விளம்பரமே பார்க்காமல் வருடா வருடம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் கேஷ் ஆன் டெலிவரியில் போய்த் திரும்பி வரும் ஆர்டிஓ பார்சல்கள். அந்தக் கணக்கு கூரியர்க்காரரின் ஷீட்டில்தான் இருக்கும்.

அனுமதி விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். கூகுள் வெளியிட்ட அனலிடிக்ஸ் எம்சிபி சர்வரே படிக்க மட்டும்தான் விடும். கேம்பெய்னை நிறுத்தவும் பட்ஜெட் மாற்றவும் விடும் இணைப்புகளும் சந்தையில் இருக்கின்றன, இப்போதைக்குத் தொடாதீர்கள். வாடிக்கையாளர்களின் போன் நம்பர், மெயில் இருக்கும் அட்டவணைகளை இணைப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். 2023ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. பலகாரக்காரருக்கு நடந்ததை நானே போன் போட்டுச் சொல்லி, அந்த மாதக் கட்டணம் வேண்டாம் என்றேன். கோபப்பட்டார், நியாயம்தான். ஆனாலும் அதற்கு முந்தைய மாதப் பாக்கியை மறுநாளே அனுப்பிவிட்டார். அதே நேரத்தில் அவுட்டர் ரிங் ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் ஒரு பெரிய நிறுவனம் எங்கள் பில்லுக்குப் பணம் தர 140 நாள் எடுத்துக்கொண்டது. எங்கள் வேலையில் ஒரு குறையும் சொல்லவில்லை. "ஃபைனான்ஸ்ல இருக்கு" என்பதுதான் பதில். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி உத்யம் பதிவு (சிறு நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) உள்ள எங்களைப் போன்ற சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாளில் தந்தாக வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. சட்டம் தெளிவாக இருக்கிறது. புகார் கொடுத்தால் அடுத்த காண்ட்ராக்ட் வராது என்பதும் தெளிவாக இருக்கிறது. மூன்று பேருக்குச் சம்பளம் தர வேண்டிய நான் பேசாமல் இருந்தேன்.

சரி, உங்கள் விஷயம். இணைத்த அன்றே ரிப்போர்ட் கேட்காதீர்கள். ஏற்கெனவே கையால் கணக்குப் போட்டு விடை தெரிந்த பழைய வாரம் ஒன்றை எடுத்து, அதே கேள்வியை நாலு விதமாகக் கேளுங்கள். எந்த ஃபீல்டுகளை எடுத்தாய், எதை எதால் வகுத்தாய் என்றும் சொல்லச் சொல்லுங்கள். வரும் ஆர்டர் எண்ணிக்கையைக் கடையிலிருந்து கிளம்பிய பார்சல் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். விளம்பரத்தால் வந்த ஆர்டர் மொத்த ஆர்டரைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தீபாவளி முடிந்து பார்த்தபோது 380 பெட்டி மீந்திருந்தது. அதிரசம் எத்தனை நாள் தாங்கும்? சமையற்கூடத்துப் பெண்களுக்கு ஆளுக்கு ஐந்து கொடுத்து, மீதியைப் பக்கத்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினார். கூடுதல் பட்ஜெட்டில் அந்த நாலு நாளில் போனது 1,76,000 ரூபாய். அதற்கப்புறம் எங்கள் ரிப்போர்ட் எதுவும் ஓசூர்ப் பெண் பார்த்துச் சரி சொல்லாமல் வெளியே போவதில்லை. அவள் இப்போது எங்கள் சீனியர் அனலிஸ்ட்.