கணினி கேள்வி பதில்: மேக் ஓஎஸ் ஓடும் சொந்தத் தயாரிப்புக் கணினியில் கிராபிக்ஸ் கார்ட் மாற்றுவது

கேள்வி: கிளிநொச்சியில் சிறியதொரு படப்பிடிப்பு நிலையம் நடத்துகிறேன். கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா ஆகியவற்றின் வீடியோக்களை ஃபைனல் கட் புரோவில் தொகுத்துக் கொடுப்பதே என் தொழில். ஐ7-7700 புரொசெசர், 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்ட், 450 வாட்ஸ் பவர் சப்ளை ஆகியவற்றை உதிரிகளாக வாங்கி நானே பூட்டிய கணினி அது. குளோவர் என்ற தொடக்கி மென்பொருள் வழியாக அப்பிளின் மேக் ஓஎஸ் ஹை சியரா ஓடுகிறது. ஃபைனல் கட்டின் புதிய பதிப்பு ஹை சியராவில் ஏறவில்லை. மேக் ஓஎஸ்ஸை உயர்த்தினால் கார்ட் வேலை செய்யாது என்கிறார்கள். பழைய ஆர்எக்ஸ் 580 கார்ட் ஒன்று கைக்கு எட்டிய விலையில் கிடைக்கிறது. அதை வாங்கிச் செருகினால் போதுமா? ஆவணி பிறந்தால் கலியாணங்கள் தொடங்கிவிடும். வேலை நின்றுவிடக் கூடாது.
– படப்பிடிப்பாளர், கிளிநொச்சி

பதில்: வாங்கலாம். ஆனால் செருகுவதை நீங்கள் முதல் வேலையாக நினைக்கிறீர்கள். அது கடைசி வேலைகளுள் ஒன்று.

உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். விண்டோஸ் கணினியில் எந்தக் கார்டைப் போட்டாலும் அதைச் செய்த நிறுவனத்தின் டிரைவர் மென்பொருளை இறக்கி நிறுவிக்கொள்கிறோம். மேக் ஓஎஸ்ஸில் அந்த வழி இல்லை. தான் விற்ற கணினிகளில் எந்தச் சிப்புகளைப் பயன்படுத்தியதோ அவற்றுக்கான டிரைவர்களையே அப்பிள் நிறுவனம் இயங்குதளத்தோடு சேர்த்துத் தருகிறது. இதற்கு விலக்காக என்விடியா நிறுவனம் மட்டும் தனியாக ஒரு டிரைவரை வெளியிட்டு வந்தது. உங்கள் 1060 இன்றுவரை ஓடுவது அதன் தயவில்தான். ஆனால் அந்த டிரைவர் ஹை சியராவின் 10.13.6 பதிப்போடு நின்றுபோனது. 2018 செப்டெம்பரில் வந்த மொஹாவிக்கோ அதற்குப் பின்வந்த எந்தப் பதிப்புக்கோ அது வரவேயில்லை. ஆகவே இப்போதைய கார்டோடு மேலே உயர்த்தினால் திரையில் படம் தெரியும், ஆனால் ஜன்னல்கள் இழுபட்டு அசையும், ஃபைனல் கட் திறக்காது. மறுபுறம், அப்பிளின் 27 அங்குல 2017 ஐமேக் கணினிகளில் இருந்தது ரேடியன் புரோ 570, 575, 580 என்னும் வரிசை. நீங்கள் வாங்க நினைக்கும், ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580 அதே பொலாரிஸ் என்னும் சிப் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே அதற்கான டிரைவர் உங்கள் ஹை சியராவிலேயே ஏற்கெனவே இருக்கிறது.

இது உங்களுக்குப் பெரிய வசதி. கார்டை மாற்றுவதையும் இயங்குதளத்தை உயர்த்துவதையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை, செய்யவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகச் செய்து திரை கறுத்துப் போனால், பிழை கார்டிலா, குளோவரிலா, புதிய இயங்குதளத்திலா என்று பிரித்தறிய உங்களிடம் எந்தத் துப்பும் இராது.

எதைத் தொடுவதற்கு முன்னும், கையில் இருக்கும் எல்லா நிகழ்வுகளின் மூல வீடியோக்களையும் வெளியே உள்ள ஹார்ட் டிஸ்க் ஒன்றில் படியெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வையுங்கள். இடப்பெயர்வின்போது ஆல்பங்களைக் கைவிட்டு வந்து, தாய் தகப்பனின் கலியாணப் படம் ஒன்றுகூட இல்லாமல் வாழும் குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. அவர்கள் பிள்ளைகளின் படங்கள்தான் இப்போது உங்கள் மேசையில் இருக்கின்றன. இதைச் சொல்லாமல் அடுத்த படிக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, பழைய கார்ட் செருகியபடியே இருக்கும்போது மென்பொருள் வேலையை முடியுங்கள். உங்கள் எஸ்எஸ்டியில் மறைந்திருக்கும், கணினியைத் தொடக்கும் கோப்புகள் உள்ள இஎப்ஐ பகுதியை ஏற்றி, அதன் உள்ளடக்கத்தை அப்படியே ஒரு பென் டிரைவின் இஎப்ஐ பகுதிக்குப் படியெடுங்கள். மாற்றங்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் மட்டும் செய்யுங்கள். எஸ்எஸ்டியில் இருப்பது கைபடாமல் இருக்கட்டும். குளோவர் அமைப்பில் என்விடியா வெப் டிரைவரை இயக்கும் தெரிவையும், என்விடியா, ஏடிஐ (ஏஎம்டி கார்டுகளுக்கானது) ஆகியவற்றை வலிந்து புகுத்தும் தெரிவுகளையும் நீக்கிவிடுங்கள். 2018க்கு முன் அமைத்த கணினியானால் என்விடியா கிராபிக்ஸ் ஃபிக்ஸப், இன்டெல் கிராபிக்ஸ் ஃபிக்ஸப், ஷிகி போன்ற தனித்தனிக் கெக்ஸ்ட்கள், அதாவது மேக் ஓஎஸ்ஸோடு சேர்ந்து இயங்கும் துணைக் கோப்புகள், அதில் கிடக்கும். அவை எல்லாம் அந்த ஆண்டே வட்எவர்கிரீன் என்ற ஒரே கெக்ஸ்டில் இணைக்கப்பட்டுவிட்டன. பழையவற்றையும் புதியதையும் ஒன்றாக விட்டால் மோதிக்கொள்ளும். ஆகவே அவற்றை அகற்றி, வட்எவர்கிரீன், அது இயங்கத் தேவையான லைலு ஆகிய இரண்டின் அண்மைய பதிப்புகளை வையுங்கள். பிறகு பழைய கார்டுடனேயே பென் டிரைவிலிருந்து ஒருமுறை தொடக்கிப் பாருங்கள். என்விடியா டிரைவர் ஏறாததால் திரை மந்தமாகத்தான் இருக்கும். ஆனால் டெஸ்க்டாப் வரை வந்துவிட்டதென்றால் பென் டிரைவ் பிழையின்றித் தொடங்குகிறது என்பது உறுதி. என்விடியா டிரைவரை இப்போது அழிக்காதீர்கள். ஏஎம்டி கார்டின் வழியில் அது குறுக்கிடாது. பழைய கார்டுக்குத் திரும்ப நேர்ந்தால் அது வேண்டியிருக்கும்.

இனி மின்சாரக் கணக்கு. 1060 எடுப்பது ஏறத்தாழ 120 வாட்ஸ். ஆர்எக்ஸ் 580 எடுப்பது 185 வாட்ஸ். 580க்கு 500 வாட்ஸ் பவர் சப்ளை பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் 450 வாட்ஸ் பவர் சப்ளை நல்ல தரமுள்ளதாகவும் 8 முள் கிராபிக்ஸ் இணைப்பு அதிலேயே உள்ளதாகவும் இருந்தால் ஓடும். பெயர் தெரியாத மலிவுப் பொருளானால் கார்டுக்கு முன் அதை மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்க் வயரிலிருந்து 8 முள்ளாக மாற்றித் தரும் இடைவயர்களை நம்பாதீர்கள். 150 வாட்ஸ் வரை சுமக்க வேண்டிய இணைப்பு அது, அந்த மெல்லிய வயர்கள் சூடேறி உருகும். பலரும் மறந்துவிடுவது யூபிஎஸ். 650 விஏ என்று எழுதியுள்ள யூபிஎஸ் பெரும்பாலும் 360 முதல் 390 வாட்ஸ் வரைதான் தாங்கும். வீடியோ ரெண்டர் ஆகும்போது கார்ட், புரொசெசர், மொனிட்டர் மூன்றும் சேர்ந்து அந்த எல்லையை நெருங்கிவிடும். மின்சாரம் போகும் கணத்தில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்துவிட்டால் அது இருந்து பயனில்லை.

கார்டை மாற்றுவது பத்து நிமிட வேலை. பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றி, கேசிங்கின் உலோகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். மதர்போர்டில் கார்டின் நுனியைப் பிடித்திருக்கும் சிறு கொளுக்கியை விடுவித்த பிறகே கார்டை இழுக்க வேண்டும். புரொசெசருக்கான 8 முள் இணைப்பும் கார்டுக்கான 8 முள் இணைப்பும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மின் அமைப்பு வேறு. நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். கேசிங் திறந்திருக்கும்போதே கச்சான் காலத்துச் செம்புழுதியையும் துடைத்துவிடுங்கள். பழைய கார்டானால் அதன் மின்விசிறிகளையும் வெப்பப் பசையையும் பாருங்கள். வன்னியின் ஆடி வெக்கையில் காய்ந்த பசையோடு 580 நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. மொனிட்டர் வயரை மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகுங்கள். மதர்போர்டின் பயோஸ் அமைப்பில் முதன்மைத் திரையாகச் செருகிய கார்டைத் தெரிவுசெய்து, புரொசெசருக்குள் உள்ள எச்டி 630 கிராபிக்ஸையும் இயங்க விடுங்கள். திரைக்குப் படம் அனுப்பாமல் வீடியோவைச் சுருக்கும் வேலைக்கு மட்டும் அதை அமைத்துக்கொண்டால் ஏற்றுமதி விரைவாகும்.

இப்போது பென் டிரைவிலிருந்து தொடக்குங்கள். ‘இந்த மேக் பற்றி’ என்ற இடத்தில் 580இன் பெயரும் 8 அல்லது 4 ஜிபி என்ற சரியான நினைவக அளவும் தெரிந்தால் டிரைவர் ஏறிவிட்டது. ஒரு வாரம் ஹை சியராவிலேயே உண்மையான வேலையைச் செய்து பாருங்கள். பிறகு பென் டிரைவில் உள்ளதை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்.

இயங்குதளத்தை உயர்த்துவதற்கு என் முடிவு ஒன்றே: இருப்பதன்மேல் உயர்த்தாமல், வேறொரு எஸ்எஸ்டி வாங்கி அதில் குளோவருக்குப் பதிலான ஓப்பன்கோர் என்ற தொடக்கியோடு, மேக் ஓஎஸ்ஸின் பிந்திய பதிப்புகளான மொன்டரேயையோ வென்சுராவையோ புதிதாக நிறுவுங்கள். வென்சுரா கேட்கும் ஏவிஎக்ஸ்2 என்ற புரொசெசர் வசதி உங்கள் 7700இல் உண்டு. புதியது படியும்வரை பழைய எஸ்எஸ்டி தொழிலைத் தாங்கும். ஆவணிக்குள் இது முடியவில்லை என்றால் ஹை சியராவிலேயே பருவத்தைக் கடந்து, மார்கழியில் செய்யுங்கள்.

கேள்வி: விண்டோஸ், மேக் ஓஎஸ் இரண்டும் உள்ள என் கணினிக்குப் பழைய ஆர்எக்ஸ் 580 வாங்கிப் போட்டேன். விண்டோஸில் நன்றாக ஓடுகிறது. மேக் ஓஎஸ்ஸில் அப்பிள் சின்னம் வந்து, கோடு பாதி ஓடியதும் திரை கறுத்துவிடுகிறது. கார்ட் பழுதா?
– மாணவர், முல்லைத்தீவு

பதில்: விண்டோஸில் ஓடும் கார்டைப் பழுது என்று சொல்ல முடியாது. விண்டோஸில் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ஷேடர்கள் எனப்படும் கார்டின் கணிப்பு அலகுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். உண்மையான ஆர்எக்ஸ் 580க்கு 2304 இருக்கும். 2048 என்று காட்டினால் உங்களிடம் இருப்பது சீனச் சந்தைக்காக வந்த 2048எஸ்பி என்னும் வகை. உள்ளே இருப்பது ஆர்எக்ஸ் 570க்கு ஒப்பான சிப்தான்; ஆனால் அது தன்னை 6எப்டிஎப் என்ற அடையாள எண்ணால் அறிமுகப்படுத்திக்கொள்வதால் அப்பிளின் டிரைவர் அதை அடையாளம் காண்பதில்லை. ஓப்பன்கோரின் சாதனப் பண்புகளில் கார்டின் அடையாள எண்ணை 67டிஎப் என்று மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் திரை வந்துவிடும்.

எண்ணிக்கை 2304 என்றே இருந்தால் வேறொரு சந்தேகம் உண்டு. சந்தைக்கு வரும் பழைய 570, 580 கார்டுகளில் பல, கிரிப்டோ நாணயம் தோண்டப் பயன்பட்டவை. அதற்காக அவற்றின் பயோஸை, அதாவது கார்டுக்குள் பதிந்துள்ள அடிப்படை மென்பொருளை, மாற்றி எழுதியிருப்பார்கள். அந்த மாற்றத்தை விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், மேக் ஓஎஸ் பொறுக்காது. சில கார்டுகளின் விளிம்பில் இரண்டு பயோஸ்களுக்கிடையே மாற்றும் சிறு சுவிட்ச் இருக்கும். கணினியை அணைத்துவிட்டு அதை மறுபக்கம் தள்ளிப் பாருங்கள். சுவிட்ச் இல்லையென்றால், உங்கள் கார்டின் அதே தயாரிப்பு, அதே நினைவகச் சிப் கொண்ட மூல பயோஸை மீண்டும் எழுத வேண்டும். தவறான கோப்பை எழுதினால் கார்ட் விண்டோஸிலும் எழாமல் போகலாம். ஆகவே இதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள், இப்போதுள்ள பயோஸை முதலில் சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுக் கார்டே வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, 6600, 6700 எக்ஸ்டி ஆகிய மூன்றில் எது மேக் ஓஎஸ்ஸுக்குப் பொருந்தும்? நாமே பூட்டிய கணினியில் மேக் ஓஎஸ்ஸை இப்படிப் பயன்படுத்துவது சட்டப்படி சரியா?
– வாசகி, வவுனியா

பதில்: 6600 மட்டும். மொன்டரே 12.1 பதிப்பிலிருந்து அதற்கு டிரைவர் உண்டு. தொடக்கக் கட்டளைகளில் ஏஜிடிபிமோட் என்பதற்கு பிகேரா என்ற மதிப்பைக் கொடுக்காவிட்டால் திரை கறுத்தே இருக்கும். 6500 எக்ஸ்டிக்கு அப்பிளின் டிரைவர் இல்லை. 6700 எக்ஸ்டிக்கும் இல்லை; ஆர்வலர்கள் எழுதிய கெக்ஸ்டைக் கொண்டு அதை ஓட்டுவோர் உண்டு, ஆனால் சம்பாதிக்கும் கணினியில் அதை நான் நம்பமாட்டேன். எண் பெரிது, விலை கூட என்பதற்காகக் கார்ட் பொருந்திவிடுவதில்லை.

சட்டத்தைக் கேட்டீர்கள். மேக் ஓஎஸ்ஸின் உரிம ஒப்பந்தம் அதை அப்பிள் பெயர் பொறித்த கணினிகளில் மட்டுமே நிறுவ அனுமதிக்கிறது; ஆகவே நாம் பூட்டிய கணினியில் அதை ஓட்டுவது அந்த ஒப்பந்தத்துக்குப் புறம்பானதே. இத்தகைய கணினிகளை விற்ற சைஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு எதிராக 2009இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறருக்குப் பூட்டி விற்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். இன்டெல் சிப்புக்கான கடைசி மேக் ஓஎஸ், 2025இல் வந்த டஹோ என்று அப்பிள் அறிவித்துவிட்டது. இன்று வாங்கும் கார்டுக்குப் புதிய மேக் ஓஎஸ் இனி வராது. கணினியில் விண்டோஸும் ஓடுகிறது என்றால் 6600க்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. மேக் ஓஎஸ்ஸுக்காக மட்டுமே என்றால் பழைய 580 ஒன்றோடு நின்றுகொண்டு, மிச்சப் பணத்தை மேக் மினி ஒன்றுக்காகச் சேர்க்கத் தொடங்குங்கள்.