மணி அடிக்கட்டும், விடுங்கள்

கேள்வி: தஞ்சாவூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த நாட்களைப் பற்றிக் கவிதை எழுதினேன். ‘மணி அடித்தது, எழுந்தோம் / மணி அடித்தது, குளித்தோம் / மணி அடித்தது, தின்றோம்’ என்று தொடங்குகிறது. ‘கூறியது கூறல் குற்றம், எதுகை போட்டு வெண்பாவாக்கு’ என்கிறார் நண்பர். மாற்றவா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: மாற்ற வேண்டாம். நண்பர் சொல்லும் குற்றம் நன்னூலில் இருப்பதுதான், ஆனால் அது ஒரு பொருளை விளக்க எழுதும் நூலுக்குச் சொன்ன பத்துக் குற்றங்களில் ஒன்று. கவிதையில் வந்த சொல்லே திரும்ப வருவதை அணிகளைப் பற்றிய இலக்கண நூலான தண்டியலங்காரம் பின்வருநிலை என்று அணியாகவே வைத்திருக்கிறது. ஹாஸ்டலில் பொழுதை நகர்த்துவதே அந்த மணிதான்.

வெண்பாவுக்கும் அது மசியாது. ‘மணியடித்தது’ என்று சேர்த்தால் மணி-யடித்-தது, நிரை நிரை நிரை (புள்ளி எழுத்தை விட்டுவிட்டால் குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை நிரை, ஓரெழுத்து அசை நேர்), அதாவது கருவிளங்கனி. இப்படி மூன்றாம் அசை நிரையாக வரும் கனிச்சீருக்கு வெண்பாவில் இடமே கிடையாது. பிரித்தால் ‘மணி’ ஓரசைச் சீர், அது ஈற்றில்தான் வரலாம். சரி, ‘மணியடித்தால்’ என்று மூன்றாம் அசை நேராக வரும் காய்ச்சீராக்கலாம் என்றால் காய்க்குப் பின் நேர் வர வேண்டும், எழுந்தோமும் குளித்தோமும் நிரையில் தொடங்குகின்றன, தின்றோம் ஒன்றுதான் தப்பிக்கும். இப்போதே தாளம் இருக்கிறதே! ‘ஓம்’ என்று வரிகள் ஒரே ஒலியில் முடியும் இயைபு இருக்கிறது, இரண்டு புளிமாவுக்குப் (நிரை நேர்) பிறகு ‘தின்றோம்’ தேமாவாக (நேர் நேர்) டக்கென்று இறங்கும்போது அந்த வயதின் பசியே கேட்கிறது.

எதுகையே கூடாது என்று சொல்லவில்லை. ‘தட்டில் ஆறிய உப்புமா, கட்டிலில் ஆறாத அழுகை’ தானாக வந்திருக்கிறது, படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் ‘அம்மா முகம் நினைத்தேன், சும்மா அகம் நனைந்தேன்’ என்பதில் ‘சும்மா’ எதுகைக்காக மட்டும் வந்த சொல். வீட்டை நினைத்து அழும் பிள்ளை சும்மா அழாது, அதை எடுத்துவிடுங்கள்.

அப்புறம், ‘வாய்க்காலில் தண்ணீர் வந்தது, நான் போனேன்’. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, தண்ணீர் நம் ஊர் வாய்க்காலுக்கு வருகிற சமயத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கும், டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிய டெல்டாப் பிள்ளைகளுக்கு இந்த வரி என்ன சொல்கிறதென்று உடனே புரியும். எதுகை இல்லை, ‘வா’வுக்கு ‘வ’ என்று மோனை மட்டும் மெல்ல வருகிறது. அதில் கை வைக்காதீர்கள்.

மாற்ற வேண்டியது கடைசி வரி. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிறகும் ‘மணி அடித்தது, எழுந்தோம்’ என்றே முடித்திருக்கிறீர்கள். வீட்டில் ஏது மணி? கூடப் படுத்திருந்த பிள்ளைகளும் அங்கே இல்லை. ‘மணி அடிக்கவில்லை, எழுந்தேன்’ என்று எழுதிப் பாருங்கள்.