மான்செஸ்டர் யுனைடெட்டைக் கீழே தள்ளியது டெனிஸ் லாவின் கோல்தானா?

மான்செஸ்டர் யுனைடெட் என்ற இங்கிலாந்து கால்பந்து கிளப்பை முதல் டிவிஷனிலிருந்து கீழே இறக்கியது, அதன் பழைய நட்சத்திரமான ஸ்காட்லாந்துக்காரர் டெனிஸ் லா எதிரணிக்காக அடித்த கோல்தான் என்று சொல்வார்கள். கேள்வியே அந்த ஒரு கோலைப் பற்றித்தான் இருக்கிறது, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். இல்லை, தள்ளவில்லை. 1974 ஏப்ரல் 27, யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்ட். அதே ஊர் அணியான மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிய லா, கோலுக்கு முதுகைக் காட்டி நின்றபடியே குதிகாலால் பந்தைத் தட்டி உள்ளே விட்டார், சிட்டி 1-0. ஆனால் அதே நாளில், கீழே போகாமல் தப்பப் போராடிய இன்னொரு அணியான பர்மிங்காம் ஜெயித்துவிட்டதால், இந்த ஆட்டத்தில் என்ன நடந்திருந்தாலும் யுனைடெட் இரண்டாம் டிவிஷனுக்குப் போயிருக்கும். கோல் அடித்துவிட்டு மனுஷன் கொண்டாடக்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார், உடனே வெளியே போய்விட்டார். கிளப் அளவில் அவருடைய கடைசி லீக் ஆட்டமும் அதுதான், அதனால்தான் இன்னும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எனக்கு எரிச்சலே, லா என்றால் இது ஒன்றுதான் பலருக்கு ஞாபகம் வருகிறது என்பதுதான். அபர்டீனில் ஒரு மீனவரின் ஏழு பிள்ளைகளில் கடைசி ஆள். மாறுகண், கண்ணாடி, ஒல்லி உடம்பு, பார்க்கிற யாரும் இவன் பந்து விளையாடுவான் என்று நம்பியிருக்க மாட்டார்கள். ஹடர்ஸ்ஃபீல்டு கிளப்புக்குப் போன பிறகுதான் கண் ஆபரேஷன் நடந்தது, 16 வயதிலேயே முதல் அணியில் இறங்கிவிட்டார். பிற்பாடு லிவர்பூலில் பெரிய பெயர் எடுத்த மேலாளர் பில் ஷாங்க்லிதான் அங்கே அவரை வளர்த்தவர்.

1960-ல் சிட்டி 55,000 பவுண்டு கொடுத்து வாங்கியது, அன்றைக்கு பிரிட்டனில் அது சாதனைத் தொகை. மறு வருடம் லூட்டன் அணியோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் தனியாளாக 6 கோல் அடித்தார். மழையில் மைதானம் குளமாகி 69-வது நிமிடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள், ஆறும் கணக்கில் சேரவில்லை! மறுபடி ஆடியபோதும் லா ஒரு கோல் போட்டார், சிட்டி 3-1 என்று தோற்றது. இதைவிட ஒரு ஃபார்வர்டுக்கு வயிற்றெரிச்சல் வேறு என்ன இருக்க முடியும்.

அப்புறம் இத்தாலியில் டொரினோவுக்காக ஒரு சீசன். எதிரணியின் முரட்டுத் தடுப்பாட்டமும் அங்கத்திய கட்டுப்பாடுகளும் அவருக்கு ஒத்துவரவில்லை, நண்பர் ஜோ பேக்கர் ஓட்டிய காரில் விபத்து வேறு. 1962-ல் மேலாளர் மேட் பஸ்பி 115,000 பவுண்டுக்கு யுனைடெட்டுக்கு அழைத்து வந்தார், உண்மையான லா அங்கேதான் தெரிகிறார். ஆள் ஒன்றும் நெட்டை இல்லை, ஆனாலும் பழைய கறுப்பு வெள்ளைக் காட்சிகளைப் பாருங்கள், டிஃபெண்டர்கள் குதித்து இறங்கிய பிறகும் இவர் மேலேயே நிற்பார். கோல் போட்டதும் சட்டைக் கையின் நுனியைப் பிடித்தபடி ஒற்றை விரலைத் தூக்குவார். 1963-64 சீசனில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 46 கோல், யுனைடெட்டில் ரொனால்டோவோ ரூனியோ யாருமே இன்றுவரை அதை எட்டவில்லை. 1964-ல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருது. அதை வாங்கிய ஒரே ஸ்காட்லாந்துக்காரர் இன்னும் அவர்தான்.

1968-ல் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை ஜெயித்தபோது மட்டும் முழங்கால் காயத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். எனக்கு அந்தக் குதிகால் கோலைவிட இதுதான் பெரிய சோகமாகத் தெரிகிறது. 1973-ல் யுனைடெட் அவரைப் பணம் வாங்காமலே விட்டுவிட்டது, அப்படித்தான் மறுபடி சிட்டிக்குப் போனார்.

சரி, இன்னொரு ஸ்காட்லாந்து நட்சத்திரமான கென்னி டால்கிளிஷா லாவா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். ஸ்காட்லாந்துக்காக இருவரும் 30 கோல்தான், அந்த நாட்டின் சாதனையும் அதுதான். டால்கிளிஷுக்கு 102 ஆட்டம் ஆனது, லாவுக்கு 55. டால்கிளிஷ் அவரைவிட முழுமையான ஆட்டக்காரர், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கடைசி நிமிடத்தில் ஒரு கோல் வேண்டுமென்றால் நான் லாவைத்தான் இறக்குவேன்.